கடைசி ஆளோடு நான் வருவேன்

மலை ஓட்டத்தைப் பற்றிப் போன மாதம் இந்தப் பகுதியில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், முதல் முறையாக மலையில் ஓடப் பெயர் கொடுத்துவிட்டு யோசனையோடு இருப்பவர்கள் நிறையப் பேர் என்று தெரிகிறது. அதனால் இந்த மாதம் முழுக்க அதுவேதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். வயது 54. ஒன்பது வருஷமாக மலை ஓட்டங்களில் ‘ஸ்வீப்பர்’ வேலைக்குப் போகிறேன். கடைசியாக வருகிறவருக்கும் பின்னால், வழிகாட்ட மரத்தில் கட்டிய ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே, பாதையில் யாரும் தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு வருவதுதான் அந்த வேலை. முதலில் வருகிறவர்கள் எப்படி ஓடுகிறார்கள் என்று நான் பார்த்ததே இல்லை. கடைசி இருபது பேரை நன்றாகத் தெரியும். முதல் தடவை ஓடுகிறவர்களில் பலர் அந்த இருபதில்தான் இருப்பார்கள்.

சென்னையில் மூன்று அரை மாரத்தான் ஓடியிருக்கிறேன். கடைசியாக ஓடியது 2 மணி 10 நிமிடம். இப்போது நீலகிரியில் 30 கி.மீ. ஓட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டேன். மொத்த ஏற்றம் 1,200 மீட்டர், கெடு ஏழரை மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். மூன்றரை மணி நேரத்தில் முடிக்கலாம் என்பது என் கணக்கு. சரிதானா? ஏற்றத்தில் நடந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சமாகவும் இருக்கிறது.
— வாசகர், அம்பத்தூர்

தம்பி, அந்த மூன்றரை மணி நேரத்தை இன்றைக்கே மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். மலையில் கிலோமீட்டர் மட்டும் பார்த்தால் கணக்கு உதைக்கும். ஏற்றத்தையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் சமதரையில் 1 கி.மீ. என்று வைத்துக்கொள்வது மலை ஓட்டக்காரர்களின் வழக்கம். அப்படிப் பார்த்தால் உங்கள் 30 கி.மீ. 42 ஆகிவிடுகிறது. அதாவது நீங்கள் இதுவரை ஓடாத முழு மாரத்தான். உங்கள் வேகத்துக்கு அதுவே நாலரை மணி நேரத்துக்கு மேல். அதோடு கல், வேர், சேறு, தண்ணீர் பிடிக்க நிற்கிற நேரம். ஐந்தரையிலிருந்து ஆறு மணி நேரம் என்று மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இன்னும் பழைய கணக்கு ஒன்று உண்டு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்னது. நடப்பவருக்கு 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். உங்கள் பாதைக்கு எட்டு மணி நேரம் வருகிறது. கெடு ஏழரை. ஆக, முழுக்க நடந்தால் அரை மணி நேரம்தான் பிந்துவீர்கள். சமதளத்திலும் மெல்லிய இறக்கத்திலும் ஓடினாலே போதும், கெடுவுக்குள் வந்துவிடலாம்.

அதனால் ஏற்றத்தில் நடங்கள். கூச்சமே வேண்டாம். முன்னால் போகிற நல்ல ஓட்டக்காரர்களும் செங்குத்தான ஏற்றத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள். இடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் முட்டிக்கு மேலே தொடையில் ஊன்றி, சின்னச் சின்ன அடியாக ஏற வேண்டும். பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இன்னும் மெதுவாக. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. சென்னையிலிருந்து முதல் நாள் ராத்திரி வந்து இறங்குகிறவர்களுக்கு மூச்சு கொஞ்சம் சீக்கிரமே வாங்கும். பயப்பட ஒன்றுமில்லை.

ஏற்றத்தைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறீர்கள். எனக்குக் கவலை இறக்கத்தைப் பற்றி. ஒன்பது வருஷத்தில் நான் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தவர்களில் ஏற்றத்தில் விழுந்தவர் ஒருவர்கூட இல்லை. அத்தனை பேரும் இறக்கத்தில்தான்.

நானும் அப்படித்தான். எனக்கு அப்போது 41 வயது, 20 கி.மீ. ஓட்டம், 14-வது கி.மீ. கற்பூர மரங்களுக்கு, அதாவது யூகலிப்டஸ் மரங்களுக்கு, நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை. அந்த மரம் பட்டையை உரித்து உரித்துக் கீழே போடும். அது காய்ந்து குழல் மாதிரி சுருண்டு கிடக்கும். மேலிருந்து பார்த்தால் வெறும் சருகு என்றுதான் தோன்றும். கால் வைத்தால் உருளும். நான் காலை முன்னால் வீசி, குதிகால் ஊன்றி, வேகத்துக்கு பிரேக் போட்டுக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தேன். பட்டை உருண்டது. ஒரு நொடியில் பாதைக்குக் கீழே இருந்த தேயிலைக்குள் கிடந்தேன். அப்போதுதான் கவ்வாத்து வெட்டிய தோட்டம். இலையே இல்லாமல் முழங்கால் உயரத்துக்கு வெறும் குச்சிகள். உள்ளங்கை கிழிந்து மண் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பத்தியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து, தன் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவிவிட்டார். “காலை எதுக்கு அவ்வளோ தூரம் போடுற? கிட்டக் கிட்ட வையி” என்றார். நாற்பது கிலோ இலையைத் தலையில் வைத்துக்கொண்டு தினமும் அந்தச் சரிவில் இறங்குகிறவர் அவர். அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் என் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்லிக்கொடுக்கிறேன்.

கிட்டக் கிட்ட வையுங்கள். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும். முட்டி லேசாக மடங்கியே இருக்கட்டும். கைகளைப் பக்கவாட்டில் கோழி இறக்கை மாதிரி விரித்துக்கொள்ளுங்கள். பார்வை காலடியில் வேண்டாம், மூன்று நாலு மீட்டர் முன்னால். கண் பார்த்த இடத்துக்குக் கால் தானாகப் போகும். காட்சி பார்க்க ஆசை வந்தால் நின்று பாருங்கள். ஓடிக்கொண்டே பார்க்காதீர்கள்.

தொடைக்கும் இதில் வேலை அதிகம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழகாத தசையில் நுண்ணிய கிழிசல்கள் வரும். இரண்டாம் நாள் படி இறங்க முடியாமல் போவது அதனால்தான். நல்ல விஷயம் என்னவென்றால், ஒரு தடவை நன்றாக இறங்கிப் பழகிவிட்டால் தசை அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அவ்வளவாக வலிக்காது. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சனி ஞாயிறு ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ போங்கள். ஏலகிரிச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்காட்டில் 20. விடியற்காலையில் வண்டி வருகிற திசையைப் பார்த்தபடி ஓரமாக இறங்குங்கள். மற்ற நாட்களில் அடுக்குமாடிப் படி போதும். பத்து மாடி ஏறிவிட்டு லிஃப்டில் இறங்காதீர்கள். இறங்குவதுதான் பயிற்சி.

மலை ஓட்டத்துக்கென்றே தனி ஷூ வாங்க வேண்டுமா? விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.
— வாசகி, ஈரோடு

காய்ந்த மண் பாதை, எஸ்டேட் ஜீப் ரோடு என்றால் இப்போது இருக்கிற ஷூவே போதும். அடிப்பக்கம் தேயாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மழைக்காலம், சேறு, புல் சரிவு என்றால் அடியில் பல் வைத்த ஷூ இல்லாமல் வராதீர்கள். நாலைந்து மில்லிமீட்டர் பல் இருந்தால் நம் ஊர் மலைகளுக்குத் தாராளம்.

வாங்குவதானால் சாயங்காலம் போய் வாங்குங்கள். அந்த நேரத்தில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். நீங்கள் ஓடப்போகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்கிப் போய் ஷூவில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். போட்டிக்கு மூன்று நாள் முன்பே நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். லேஸை மேலே உள்ள கடைசி ஓட்டை வரை கோத்து, கணுக்கால் பக்கம் இறுக்குங்கள், விரல் பக்கம் தளர்வாக விடுங்கள். புது ஷூவில் ஐம்பது அறுபது கி.மீ. ஓடிய பிறகுதான் போட்டிக்குப் போட வேண்டும். புது சாக்ஸும் அப்படித்தான். பன்னிரண்டாவது கி.மீட்டரில் கொப்புளத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் “நேத்துதான் வாங்கினேன் டீச்சர்” என்பதுதான் பதில்.

எனக்கு 47 வயது. கூச்சப்படாமல் கேட்கிறேன். ஆறு ஏழு மணி நேரம் காட்டில் இருக்கும்போது பாத்ரூமுக்கு என்ன செய்வது? அந்த நாட்களாக இருந்தால்?
— வாசகி, திருநெல்வேலி

நீங்கள் கேட்டது பலருக்கும் உதவும். பாத்ரூம் இல்லையே என்று தண்ணீர் குடிக்காமலே வருகிற பெண்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். பாதி வழியில் தலைவலியும் கெண்டைக்கால் பிடிப்புமாக நின்றுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஓட்டம் தொடங்குகிற இடத்தில் கழிப்பறை இருக்கும். ஒரு மணி நேரம் முன்பே போங்கள், கடைசி இருபது நிமிஷத்தில் வரிசை நீளும். பாதையில் போக வேண்டி வந்தால் ஓடைக்குத் தள்ளி, பாதையை விட்டு இருபது முப்பது அடி மட்டும் ஒதுங்குங்கள். பையைப் பாதை ஓரத்தில் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போங்கள். அதைப் பார்த்தால் பின்னால் வருகிற எங்களைப் போன்றவர்கள் நின்று காத்திருப்போம். டிஷ்யூவையும் நாப்கினையும் ஒரு ஜிப் கவரில் போட்டுத் திரும்ப எடுத்துவந்துவிட வேண்டும்.

மாதவிலக்கு நாளில் ஓடலாமா என்றால், உடம்பு இடம் கொடுத்தால் தாராளமாக ஓடலாம். நானும் ஓடியிருக்கிறேன். வலி மாத்திரை விஷயத்தில் மட்டும் கவனம். தண்ணீர் வற்றிய உடம்போடு ஓடும்போது ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கெடுதல். முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள். உள்ளாடைத் தையல் உரசுகிற இடம், தொடை இடுக்கு எல்லாவற்றிலும் வாஸ்லின் தாராளமாகத் தடவுங்கள். குளிக்கும்போது எரிகிற எரிச்சலில் அடுத்த ஓட்டமே வேண்டாம் என்று ஆகிவிடும்.

ஓடும்போது என்ன சாப்பிடுவது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது? நண்பர்கள் ஜெல் வாங்கச் சொல்கிறார்கள்.
— வாசகர், கும்பகோணம்

ஜெல், அதாவது சின்னப் பாக்கெட்டில் வருகிற இனிப்புக் கூழ், வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால் வாங்குங்கள். வீட்டில் பழகாமல் போட்டி நாளில் முதல் தடவையாக வாயில் வைக்க வேண்டாம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் போல இருக்கும். நான் உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, பேரீச்சம்பழம், சின்ன உருண்டையாகப் பிடித்த புளிச்சாதம் வைத்துக்கொள்வேன். பசிக்கும் வரை காத்திருக்காதீர்கள். முதல் மணி நேரம் முடிவதற்குள் ஒரு வாய் போட்டுவிட வேண்டும். கடலைமிட்டாய் எனக்குப் பிடிக்கும், ஆனால் மூச்சு வாங்கும்போது கடலைத் துணுக்கு தொண்டையில் சிக்கும். நின்று சாப்பிடுங்கள்.

தண்ணீரில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. குறைந்தாலும் கெடுதல், வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தாலும் கெடுதல். ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், பேச்சில் தடுமாற்றம் வரை போகும். தாகத்துக்குக் குடியுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வைத்திருந்தால் அதில் எழுதியிருக்கிற அளவுக்குத்தான் கரைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 20.5 கிராம் பாக்கெட் 1 லிட்டருக்கு. அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டைக் கொட்டினால் வயிறு கலங்கும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வைக்கிற இடங்களை மட்டும் நம்பி வராதீர்கள். ஓர் ஓட்டத்தில், பெயர் வேண்டாம், 18-வது கி.மீ. மேஜைக்குக் கடைசி நாற்பது பேர் வந்தபோது கேன் காலி. மதியம் ஒரு மணி வெயில். என் பையில் இருந்த ஒன்றரை லிட்டரை மூடி மூடியாக ஊற்றிக் கொடுத்தேன். மெதுவாக வருகிறவர்களுக்குத்தான் அதிக நேரம் வெயில், அவர்களுக்குத்தான் அதிகம் தண்ணீர் வேண்டும். இதை நடத்துகிறவர்களிடம் அன்றைக்கே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

யானை, கரடி, அட்டை?
— ஒன்பதாம் வகுப்பு மாணவர், சிவகாசி

மூன்றும் உண்டு! அட்டை கடிப்பது தெரியவே தெரியாது. அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் இருக்கச் செய்கிற பொருள் இருப்பதால், அது விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ரத்தம் வரும். பிடித்து இழுக்காதே. நகத்தால் அதன் வாய்ப்பக்கம் சுரண்டினால் விட்டுவிடும். சாக்ஸில் உப்புத் தூள் தடவிக்கொள்வது இங்கே வழக்கம். கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் அதிகம். எங்கள் கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில்.

கரடியும் காட்டெருமையும் எங்கள் தேயிலைக்குள்ளேயே நடமாடுகின்றன. காட்டெருமையைப் பார்த்தால் நில். அது போகட்டும். படம் எடுக்கக் கிட்டப் போகாதே. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடாதே, செடி அசைகிற சத்தம் கேட்க வேண்டும். யானை தெரிந்தால் வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பி, பின்னால் வருகிறவர்களையும் நிறுத்து. உன் வயதுக்கு ஐந்து கி.மீ., பத்து கி.மீ. போதும். அப்பா அம்மாவோடு வா.

நாங்கள் ஆறு பேர். பயிற்சிக்காக மலையடிவாரக் காட்டுப் பாதையில் அனுமதி வாங்காமல் விடியற்காலை ஓடுகிறோம். யாரும் தடுக்கவில்லை. தொடரலாமா?
— வாசகர், தேனி மாவட்டம்

வேண்டாம். உங்கள் மாவட்டத்துக்காரர் கேட்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். போதைப்புல் என்று சொல்கிற மலைப்புல் காய்ந்து கிடக்கும்போது அதில் தீ பிடித்தால் காற்றோடு மேல்நோக்கி ஓடும். மனிதக் கால் அதற்கு ஈடு கொடுக்காது. நீங்கள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது என்றால் தேடவும் வரமாட்டார்கள்.

வனத்துறை 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ என்று 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்திருக்கிறது. வழிகாட்டியோடு போகலாம், கோடையில் தீ அபாயம் உள்ள மாதங்களில் மூடிவிடுவார்கள். அங்கே ஓட முடியாது, ஆனால் கல்லிலும் வேரிலும் கால் பழகும். மற்றபடி கோயில் படிகள் இருக்கின்றன. பழநியில் ஏறத்தாழ 690 படி. வெறுங்காலோடு, கூட்டம் இல்லாத நேரத்தில், சாமி கும்பிட வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஏறி இறங்குங்கள்.

எனக்கு 61 வயது. 21 கி.மீ. மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கடைசியாக வந்துவிடுவேனோ, பாதியில் நிறுத்திவிடுவார்களோ என்று தூக்கம் வரவில்லை.
— வாசகர், காரைக்குடி

ஐயா, கடைசியாக வந்தால் என்ன நடக்கும் என்று அப்படியே சொல்கிறேன். பின்னால் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்கும். அது நானாகவோ என்னைப் போன்ற ஒருவராகவோ இருக்கும். கழுத்தில் விசில், கையில் அவிழ்த்த ரிப்பன் கட்டு. உங்களை அவசரப்படுத்த மாட்டோம். கெடுவுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டால் சொல்வோம். கேட்காவிட்டால் சொல்ல மாட்டோம். பேச விருப்பமானால் பேசலாம். போன வருஷம் உங்கள் வயதுக்காரர் ஒருவர் கடைசி ஏழு கி.மீட்டரும் தன் ஊர்க் கண்மாயைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எனக்கு அந்தக் கண்மாயின் மடை எத்தனை என்றுகூட இப்போது தெரியும்.

இடையில் நேரக் கெடு வைத்த இடங்கள் இருக்கும். அங்கே நிறுத்தினால் வாதாடாமல் நின்றுவிடுங்கள். வண்டி வரும். மலையில் நாலு மணிக்கே பனி இறங்கும், இருட்டும் சீக்கிரம் வரும், அதற்காகத்தான் அந்தக் கெடு. ஒரு மெல்லிய மழைக்கோட்டு பையில் இருக்கட்டும். 1,000 மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிர் கூடும். வியர்வையோடு நின்றால் உடம்பு நடுங்கிவிடும்.

உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். முடியவில்லை, விலகுகிறேன் என்றால், அடுத்த தண்ணீர் மேஜையில் நெஞ்சில் குத்தியிருக்கிற எண்ணைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். நாலு வருஷத்துக்கு முன் ஓட்டம் முடிந்து எண்ணிப் பார்த்தபோது ஒருவர் குறைந்தார். நானும் ஒரு வனக் காவலரும் இரண்டு தோட்டத் தொழிலாளர்களும் டார்ச்சோடு திரும்ப மேலே ஏறினோம். பனியில் பத்தடி தெரியவில்லை. பாதையில் கிடந்த யானைச் சாணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னும் சூடா இருக்கு டீச்சர்” என்றார் காவலர். விசில் ஊதுவோம், நிற்போம், பதில் வருகிறதா என்று கேட்போம். மூன்று மணி நேரம். ஏழரை மணிக்கு அவர் போனை எடுத்தார். கால் வலித்ததால் தார்ச்சாலைக்கு இறங்கி, பஸ் பிடித்து, மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்திருந்தார். நல்ல மனிதர், தேடுவார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. போனிலேயே அழுதுவிட்டார்.

உங்கள் எண்ணோடு அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணும் அச்சடித்துத் தருவார்கள். முதல் நாள் ராத்திரியே அதைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் இரண்டு கல்கண்டும் போட்டுக்கொள்ளுங்கள் ஐயா. காலையில் குளிரும், ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள்.